தென்காசிப் பக்கம் ராத்திரி சி.டி. ஸ்கேன்: மண்டைக்குப் போகலாம், வயிற்றுக்குக் கேட்டுவிட்டுப் போங்கள்

புளியரை மலைப்பாதையில் லாரி கவிழ்ந்தாலும், அச்சன்கோவில் பக்கம் மரத்திலிருந்து ஒருவர் விழுந்தாலும், வண்டி இறங்கி வந்து நிற்பது செங்கோட்டை, தென்காசியில்தான். அங்கே ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு ஸ்கேன் சென்டரைப் பற்றியது இது. மெஷினில் குறை இல்லை.

மண்டை ஸ்கேன் அருமை. ஊசியில் ஏற்றும் சாய மருந்து (கான்ட்ராஸ்ட்) தேவையில்லை, புது ரத்தக் கட்டு தானாகவே வெள்ளையாகத் தெரியும். கழுத்துக் காலரைக் கழற்றாமல் நாலு பேராகப் பிடித்து மேஜைக்கு மாற்றுகிறார்கள். மண்டையோடு கழுத்தையும் ஒரே மூச்சில் எடுத்து, எலும்பு தெளிவாகத் தெரியும்படி தனி விண்டோவும் (படத்தின் வெளிச்ச அமைப்பு) போட்டுத் தருகிறார்கள். பெரிய ஊரிலேயே பல இடங்களில் கழுத்தை மறந்துவிடுவார்கள்.

வயிற்று ஸ்கேன்தான் சிக்கல். கான்ட்ராஸ்ட் 80 முதல் 100 மில்லி, நொடிக்கு 3, 4 மில்லி வேகத்தில் இன்ஜெக்டர் (மருந்தைத் தள்ளும் மெஷின்) வழியே போக வேண்டும். அதற்கு முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் போடும் ஊசிக் குழாய், நிறம் அதன் தடிமனைக் காட்டும்) வேண்டும், குறைந்தது பிங்க். புறங்கையில் மெல்லிய மஞ்சள் போட்டு அனுப்பினால் அந்த வேகம் தாங்காது. ரத்தக்குழாய் உடைந்து மருந்து தோலுக்கடியில் இறங்கிக் கை வீங்கும். ராத்திரி டூட்டியில் இன்ஜெக்டரைத் தொடாமல் கையாலேயே தள்ளி, 70 நொடியில் ஒரே ஒரு ரவுண்டு எடுக்கிறார்கள். மண்ணீரல் கிழிந்திருப்பது அதில் தெரியும். ரத்தம் இன்னும் கசிகிறதா, தமனியில் புடைப்பு இருக்கிறதா என்று சொல்ல 25, 30 நொடியில் இன்னொரு ரவுண்டும் வேண்டும். கத்தி எடுப்பதா, காத்திருப்பதா என்று சர்ஜன் முடிவு செய்வது அதை வைத்துத்தான். தோளில் அடி இல்லாதவருக்குக்கூடக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைப்பதில்லை; கல்லீரல் மேல் கோடு கோடாக விழுகிறது. இடுப்பெலும்பு உடைந்து சிறுநீரில் ரத்தம் வந்தால், சிறுநீர் டியூப் வழியே சிறுநீர்ப்பைக்குள் 300 மில்லி நீர்த்த கான்ட்ராஸ்ட் ஏற்றிப் படம் எடுக்க வேண்டும். கேட்டால்தான் செய்கிறார்கள்.

உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கிலும் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் வரட்டும் என்று உட்கார வைப்பது சரியில்லை. ஆனால் பிரஷர் விழுந்துகொண்டே போகிறவரை ஸ்கேனில் ஏற்ற மறுத்து, வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தியேட்டருக்குக் கொண்டுபோங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அது சரியான முடிவு, சண்டை போடாதீர்கள்.

பிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான ஸ்லைஸில் சிலதுதான் பிலிமில் ஏறும். திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போனால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். காசும் கதிர்வீச்சும் ரெண்டு தடவை. எல்லா ஸ்லைஸும் உள்ள டைகாம் படங்களை, அதாவது கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பென்டிரைவில் கேளுங்கள், தருகிறார்கள்.

ரிப்போர்ட்டில் அடிபட்டு எத்தனை மணி நேரத்தில் எடுத்தது என்று எழுதுவதில்லை. குடல் கிழிசல் முதல் சில மணி நேரத்தில் சி.டி.யில் தப்பிவிடும். வயிற்றில் சீட் பெல்ட் தடம் இருந்தால் ‘நார்மல்’ என்ற வார்த்தையை நம்பி வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது.

இங்கே கைக்காசுதான். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், அடிபட்டவர் கேரளக்காரராக இருந்தாலும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட வரம்பு வரை பணம் கட்ட வேண்டாம். பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில்தான் அது செல்லும், அதனால் 108 வண்டியில் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் அடி என்றால் சென்டருக்கும் ஒரு போன்: இன்ஜெக்டர் ஓட்டத் தெரிந்தவர் இப்போது டூட்டியில் இருக்கிறாரா?