பம்ப் தொட்டிக்குள்ளா, மேலேயா? ராமேஸ்வரம் லாட்ஜுக்கு ஒரு கணக்கு

லாட்ஜின் கழிவுநீரைத் தரைக்கடியில் ஒரு தொட்டியில் சேர்த்து ஏற்றும் பம்பைத் தொட்டிக்குள் மூழ்க வைப்பதா, தொட்டிக்கு மேலே வெளியில் வைப்பதா என்பதே கேள்வி. நாற்பது படுக்கை லாட்ஜ். படுக்கைக்குத் தண்ணீர் 180 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவு. நாளைக்கு 5,760 லிட்டர், சராசரி மணிக்கு 240 லிட்டர். தீர்த்தமாட வருகிற ஊர் என்பதால் விடிகாலையில் எல்லா அறையிலும் குழாய் ஒன்றாகத் திறக்கும். உச்ச வரத்தை மூன்று மடங்காக, மணிக்கு 720 லிட்டர் என்று வையுங்கள்.

50 மி.மீ. குழாயில் கசடு படியாமலிருக்க நொடிக்கு 0.75 மீட்டர் வேகம் வேண்டும். அது மணிக்கு 5.3 கனமீட்டர். ஹெட், அதாவது குழாய் உராய்வும் சேர்த்து பம்ப் ஏற்ற வேண்டிய உயரம், 8 மீட்டர் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி 367-ஆல் (கிலோவாட்டாக மாற்றும் எண்) வகுத்தால் 0.116 கிலோவாட். சிறிய கழிவுநீர் பம்பின் திறன் 25 சதவீதம் என்றால் 0.46 கிலோவாட். 1 எச்பி (சுமார் 0.75 கிலோவாட்) மோட்டார் தாராளம்.

பம்ப் மணிக்கு ஆறு ஸ்டார்ட்டுக்கு மேல் போகாதிருக்க, அது ஓடத் தொடங்கும், நிற்கும் நீர்மட்டங்களுக்கிடையே (ஆன்–ஆஃப்) 220 லிட்டர் போதும். உச்ச நேரத்தில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் தாங்க 1,500 லிட்டர் மேலே காலியாக விடுங்கள். 1.2 மீட்டர் சதுரத் தொட்டியில் இவை 16 செ.மீ., 104 செ.மீ.; ஆஃப் மட்டத்துக்கு அடியில் 30 செ.மீ. வரத்துக் குழாய் தரையிலிருந்து அரை மீட்டர் கீழே என்றால் மொத்த ஆழம் 2 மீட்டர்.

இனி பம்ப். தொட்டிக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிளுக்குப் பிரைமிங் (ஓடுமுன் பம்பில் தண்ணீர் நிரப்புவது) தொல்லை இல்லை, சத்தம் இல்லை, இடம் மிச்சம். திறனும் சற்றுக் கூடுதல். ஆனால் பம்ப் ஓடுவதே நாளைக்கு ஒரு மணி நேரம்தான். கரண்ட் பில்லில் அது தெரியாது.

தீர்மானிப்பது பராமரிப்பு. ஈரத்துணியோடு வரும் கடல்மணல் முழுக்கக் குளியலறை வழியே இறங்குகிறது. அது மெக்கானிக்கல் சீலை, அதாவது சுழலும் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் அடைப்பை, தேய்க்கும். சப்மெர்சிபிளில் சீல் போனால் அடுத்து ஆயில் சேம்பர், பிறகு மோட்டாரே நனையும். காயில் கட்ட வேண்டும். பம்பைத் தூக்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சங்கிலியும் உப்பில் இற்றுவிடும். தொட்டிக்குள் ஆளை இறக்குவது விஷவாயு ஆபத்து; பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்கினால், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. மேலே வைத்த செல்ஃப் பிரைமிங் பம்பில் (தானே தண்ணீரை உறிஞ்சி ஏற்றிக்கொள்வது) சீல் போனால் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும். நான்கு போல்ட் கழற்றினால் வேலை முடியும். அதனால் நம் ஓட்டு மேலே வைப்பதற்கே.

அதன் வியாதி வேறு. உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று புகுந்தாலோ, வால்வில் துணி சிக்கினாலோ தண்ணீர் ஏறாது. உப்புக்காற்று டெர்மினல் பாக்ஸை அரிக்கும். கூரையும் எஸ்எஸ் 316 (உப்பைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டும் அவசியம். எந்தப் பம்பானாலும் முன்னால் மணல் பிடிக்கும் சிறு தொட்டி கட்டுங்கள்; சீலின் இரு முகமும் சிலிக்கான் கார்பைடாகக் கேளுங்கள்.

இது வார்ப்பிரும்பு பம்புக்கான கணக்கு. முழு எஸ்எஸ் 316 சப்மெர்சிபிளைக் கைட் ரெயிலோடு (ஆள் இறங்காமல் பம்பை ஏற்றி இறக்கும் தண்டவாளம்) போட்டால் தராசு கொஞ்சம் அதன் பக்கம் சாயலாம். உறிஞ்சு ஆழம் 5 மீட்டரைத் தாண்டினால் பேச்சே இல்லை, சப்மெர்சிபிள்தான்.