கப்பல் கப்டன் உண்மையிலேயே கப்டனா? மூன்று இலவசச் சேவைகள், ஒரு மதிப்பீடு

"மனைவி இறந்துவிட்டார், கப்பலில் கப்டன், அடுத்த மாதம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருகிறேன்." பேஸ்புக்கில் இப்படி வந்து அன்பு பொழிபவர் காசு பறிக்கும் மோசடிக்காரரா என்று சோதித்துப் பார்க்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

வேறொருவரிடமிருந்து திருடிய படத்தைப் பிடிப்பதில், படத்தைக் கொடுத்து இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸ் கெட்டி. படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, சுற்றியுள்ள எழுத்துகளை வெட்டிவிட்டுத் தேடுங்கள். அகப்படாவிட்டால் இடம்வலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். தேடலை ஏய்க்கப் படத்தைப் புரட்டிப் போடுவதுண்டு. சீருடைப் பெயர்ப்பட்டியின் எழுத்து இடம்வலம் மாறியிருந்தால் அதுவே துப்பு. டின்ஐ (TinEye) என்ற இணையத்தளம் அதே படத்தின் பிரதிகளை மட்டும் தேடும். பழையதை முதலில் காட்டச் சொன்னால், படம் முன்பு யார் பெயரில் இருந்தது என்று தெரியவரும். ஆனால் பேஸ்புக் படங்கள் அதில் அரிது. செயற்கை நுண்ணறிவு வரைந்த முகத்துக்கு இரண்டுமே கைவிரிக்கும். ஒன்றும் அகப்படவில்லை என்பதற்காக ஆளை நம்பிவிடாதீர்கள்.

எங்கள் ஊருக்கு அதிகம் உதவுவது, கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் மரைன்டிராஃபிக் இணையத்தளம். கப்பலின் பெயரையும் கப்பலின் அடையாள எண்ணான 7 இலக்க ஐஎம்ஓ (IMO) எண்ணையும் கேளுங்கள். பெயரும் கொடியும் மாறினாலும் அந்த எண் மாறாது. அதைத் தட்டினால் கப்பலின் வகையும் கடைசியாகத் தெரிந்த இடமும் வரும். எண்ணெய்க் கப்பல் என்றவர் தந்த எண் மீன்பிடிக் கப்பலைக் காட்டினால் பேச்சை அத்தோடு நிறுத்தலாம். நடுக்கடலில் இலவசத் தகவல் பழையதாக இருக்கும். போர்க்கப்பல்கள் தெரியாமலும் போகலாம். எண் யாருக்கும் கிடைக்கும் என்பதால், சரியான எண்ணைச் சொன்னவர் அந்தக் கப்பலில்தான் இருக்கிறார் என்றும் ஆகாது.

இவை எதுவும் பிடிக்காத கட்டம், அவர் உங்களுக்கு அனுப்பியதாகச் சொல்லும் பார்சல். "அக்கா, உங்கட பார்சல் கட்டுநாயக்காவில நிக்குது, இண்டைக்கே வரி கட்டுங்கோ" என்று சுங்கத்தின் பெயரில் அழைப்பு வரும். தரப்படும் கணக்கு ஒரு தனியாளுடையதாக இருக்கும். இலங்கைச் சுங்கம் தனிநபர் கணக்கில் வரி வாங்குவதே இல்லை. கணக்கு யார் பெயரில் என்ற ஒரு கேள்வி மூன்று சேவைகளையும் விடப் பெரிய காவல்.

காசு போட்டுவிட்டால், ஒன்லைன் பணம் நொடிகளில் கைமாறும், ஆகவே முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. அரட்டையை அழிக்காமல், வாட்ஸ்அப்பிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து, வைப்புச் சீட்டோடு பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (Sri Lanka CERT) தொலைபேசி எண் 101. ஆளை பிளொக் பண்ணுவது இவ்வளவும் முடிந்த பிறகு.