ஜார்ஜ் டவுனில் ஒரு வதந்தி நடை: நானூறு ரூபாய்க்குத் தகுமா?

தகும். ஆனால் காலில் நல்ல செருப்பும் கையில் குடையும் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னைக் கடற்கரை ரயில் நிலைய வாசலில் கூட்டி, தம்புச் செட்டித் தெரு, பாரிமுனை, உயர் நீதிமன்றம் என்று சுற்றித் தீவுத்திடல் வரை நடத்திச் செல்கிறார்கள். கட்டடக் கலை பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆட்சியில் இருந்தவர்களைப் பற்றி ஊர் என்னென்ன கதை கட்டியது, அந்தக் கதைகளை நாட்டார் வழக்காற்றியல்காரர்களும் (மக்கள் வாய்மொழிக் கதைகளை ஆராய்பவர்கள்) வரலாற்றுக்காரர்களும் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் சரக்கு. நடத்துகிறவர்கள் ஒரு சிறு குழு. குறையும் எழுதப்போகிறேன் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

நான் லிங்கிச் செட்டித் தெருவில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். காகிதம் இல்லாமல் துறைமுகத்திலிருந்து ஒரு பெட்டி வெளியே வராது. அந்தப் பழக்கத்தில், யார் எந்தக் கதை சொன்னாலும் "சான்று எங்கே?" என்று கேட்டுவிடுவேன். மகள் இந்த நடைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே என் வாயை அடைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

வழிகாட்டிகள் இரண்டு பேர், ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும். இந்த நடையின் நிறை குறை எல்லாம் இந்த இருவருக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது.

முதல் நிறுத்தம் காளிகாம்பாள் கோயில். 1677 அக்டோபர் 3 அன்று சத்ரபதி சிவாஜி இங்கே வந்து வழிபட்டார் என்பது கோயில் தரப்புச் செய்தி. இளைஞர் சுறுசுறுப்பாகத் தொடங்கினார். அந்த ஆண்டு சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தது உண்மை. அவருடைய தூதர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து மருந்துப் பொருள்கள் கேட்டதும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பதிவுகளில் இருக்கிறது. அவரே ஊருக்குள் வந்ததாகச் சொல்வதுதான் சிக்கல், மாறுவேடத்தில் வந்தார் என்று சொல்லிவிட்டால் எந்தப் பதிவும் தேவையில்லை அல்லவா என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, "சாமி கும்பிட வந்தவர் ரசீதா வாங்கிக்கொண்டு போவார், தம்பி?" என்று கேட்டார். இளைஞரிடம் பதில் இல்லை. ரசீதோடு வாழ்ந்த எனக்கும் இல்லை.

பொய் என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று அந்த இளைஞர் நினைக்கிறார். கோட்டைக்கு எட்டிய தொலைவில், வெள்ளைக்காரனுக்கு வரி கட்டி வாழ்ந்த ஒரு வணிகத் தெருவுக்கு, கம்பெனியைக் கலங்கவைத்த ஓர் அரசன் தங்கள் அம்மன் முன்னால் வந்து நின்றான் என்பது எவ்வளவு வேண்டியிருந்திருக்கும்! அதை அவர் தொடவே இல்லை.

உயர் நீதிமன்ற மதிலில் எம்டன் குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. அங்கே பேச்சை எடுத்துக்கொண்டது அந்தப் பெண். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு அரை மணி நேரத்துக்குள் இருளில் மறைந்தது. செத்தவர்கள் சிலர்தான். ஆனால் மறுநாளிலிருந்து ஊரே மூட்டை கட்டியது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை அடித்து முடக்கிய பிறகும் மனிதர்களின் வாயில் எம்டன் வந்துகொண்டேதான் இருந்தது. அதில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தார், இந்தியர் பகுதியில் குண்டு விழாமல் அவர்தான் பார்த்துக்கொண்டார் என்று என் அப்பாவும் சத்தியம் செய்வார். அந்த ஆண்டு செண்பகராமன் ஐரோப்பாவில் இருந்தார். கப்பலில் இருந்ததற்குச் சான்று இல்லை என்று வழிகாட்டி சொன்னார்.

சொல்லிவிட்டு அங்கேயே நிற்காமல் மார்க் பிளாக்கிடம் போனார். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்த அந்தப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர், போர்க்காலப் பொய்ச் செய்திகளைப் பற்றி 1921-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கூட்டம் ஏற்கெனவே மனத்தில் வைத்திருப்பதுதான் வதந்தியாக வெளியே வருகிறது என்பது அவர் வாதம். அசைக்க முடியாது என்று நம்பிய ஆட்சி ஒரே இரவில் அசைந்ததைப் பார்த்த ஊருக்கு, அந்தக் கப்பலில் நம் ஆள் ஒருவன் இருந்தாக வேண்டும். அதே பிளாக் 1924-இல், அரசன் தொட்டால் கண்டமாலை என்ற கழுத்துக் கட்டி நோய் குணமாகும் என்று பிரான்சிலும் இங்கிலாந்திலும் நூற்றாண்டுக்கணக்கில் இருந்த நம்பிக்கையை ஆராய்ந்தார் என்பதையும் அந்தப் பெண் சொன்னார். மதிலோரம் நின்று கேட்க வேண்டிய பாடம்தான். பஸ் ஹாரன் பாதியை விழுங்கியது. ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கக்கூடாதா?

அடுத்தது சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் சிலை. கோட்டையைத் தாண்டி வெயிலில் நடக்க வேண்டியிருக்கிறது. நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, வயதானவர்களுக்கு ஆட்டோ ஏற்பாடும் இல்லை. என்னைவிட மூத்த ஒருவர் பாதியிலேயே திரும்பிவிட்டார். போய்ச் சேர்ந்தால் சிலை சாலைக்கு நடுவே. ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கத்தான் முடியும்.

1839-இல் நிறுவப்பட்ட சிலை. குதிரையில் சேணமும் அங்கவடியும் (ஏறுபவர் கால் வைக்கும் வளையம்) இல்லை. செய்தவர் மறந்துவிட்டார், பிறகு அந்த அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்று சென்னையில் பிறந்த எல்லோரும் கேட்டிருப்போம். இளைஞர் இங்கே தன் பங்கை நன்றாகச் செய்தார். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி 1841-இல் நோயால் இறந்தார். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜின் குதிரைக்கும் அங்கவடி கிடையாது. மறதியே இல்லை, அவர் பாணி அது. கைபேசியில் படத்தையும் காட்டினார். சான்று என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பிறகு அந்தப் பெண் தொடங்கியதற்காகவே நானூறு ரூபாயையும் கொடுக்கலாம். மன்றோ கலெக்டராக இருந்தபோது மந்திராலயத்தில் ராகவேந்திரரின் பிருந்தாவனத்தின் (சமாதியின்) முன் நின்று, வேறு யார் கண்ணுக்கும் தெரியாத சுவாமியோடு மடத்தின் மானிய நிலத்தைப் பற்றிப் பேசினார் என்பது கதை. திருமலையில் அவர் பெயரால் ஒரு நைவேத்தியக் கங்காளம், அதாவது பெரிய பாத்திரம், இருக்கிறது. மதுராந்தகத்தில் கலெக்டர் லயனல் பிளேஸ், உடையப்போகும் ஏரிக்கரையில் இரண்டு வில்லாளிகள் காவல் நிற்பதைக் கண்டார். அதனால் அந்த ஊர்ச் சாமிக்கு ஏரிகாத்த ராமர் என்று பெயர். மதுரையில் கலெக்டர் ரௌஸ் பீட்டரை ஒரு சிறுமி இடியிலிருந்து காப்பாற்றினாள்; அவர் மீனாட்சிக்குப் பொன் அங்கவடிகள் கொடுத்தார். "ஏன் எல்லாக் கதையிலும் கலெக்டர்? ஏன் ஒரு நீதிபதியோ தளபதியோ இல்லை?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார்.

காரணம் காகிதத்தில் இருக்கிறது. 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில் சொத்துகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. மாவட்டத்தில் அதைச் செய்தவர் கலெக்டர். அதற்கு முன்பே மானிய நிலம் யாருக்கு நிற்கும், யாருக்குப் பறிபோகும் என்பதும் அவர் கையெழுத்தில்தான் இருந்தது. கோயிலின் கழுத்தைப் பிடித்திருந்த அதிகாரி கடைசியில் அந்தச் சாமிக்கே அடங்கினான் என்ற கதை, மக்கள் எழுதிய மனு மாதிரி. ஆட்சியாளனுக்குப் பக்தன் வேடம் போட்டுவிட்டால் அடுத்து வருகிறவனும் மானியத்தில் கைவைக்க யோசிப்பான். வாழ்நாள் முழுக்க அதிகாரிகளின் மேசை முன்னால் நின்ற எனக்கு அது உடனே புரிந்தது. கண்டிப்பான அப்ரெய்சரை, அதாவது சுங்க மதிப்பீட்டு அதிகாரியைப் பற்றி, "அவர் பெரிய முருக பக்தர், அநியாயம் செய்யமாட்டார்" என்று அவர் காதில் விழும்படி நாங்களும் பேசியிருக்கிறோம்.

இனி என் பெரிய புகார். நடை பாதுகாப்பான நூற்றாண்டிலேயே நின்றுவிடுகிறது. கடைசிப் பத்து நிமிடத்தில் வரலாற்றாசிரியர் ஷாகித் அமீன் 1984-இல் எழுதியதைச் சொன்னார்கள்: 1921 பிப்ரவரியில் காந்தி கோரக்பூருக்குப் போன பிறகு, அவர் பெயரால் தொலைந்த பொருள் திரும்பியது, அவரை ஏசியவனுக்குத் தீங்கு வந்தது என்று கிளம்பிய கதைகள். அடுத்து, எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்தால் கைக்கடிகாரம் ஓடும் ஓசை கேட்கும் என்ற நம்பிக்கை. எம்.ஜி.ஆரைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் எழுதிய ஆய்வின் பெயர் ஒரு வரியில் வந்துபோனது. 1967 ஜனவரியில் சுடப்பட்டு, கழுத்துக் கட்டோடு இருந்த படம் சுவர் சுவராக ஒட்டப்பட்டு, மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலையில் வென்றவரைப் பற்றி வடசென்னையில் பேச ஒரு நாள் போதாது. "நேரமாகிவிட்டது" என்று முடித்துவிட்டார்கள். செத்துப்போன கலெக்டரைப் பற்றிப் பேச யாருக்கும் தைரியம் தேவையில்லை.

பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு மாணவி கேட்டாள்: 2018 மே மாதம் அங்கே பிள்ளை பிடிப்பவன் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் ஒருவரைக் கும்பல் கொன்றதே, அதுவும் நாட்டார் வழக்காறா? இளைஞர் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றார். அந்த ஆண்டு ஜூலையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஒரே தடவையில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்ததையும் சொன்னார். மாணவி கேட்டது அது இல்லை. பாலம் நிற்க வேண்டுமானால் சர்க்கார் பிள்ளை பிடித்துப் பலி கொடுக்கும் என்று என் பாட்டி சொல்லிப் பயமுறுத்துவாள். கட்டடத்துக்கு நரபலி என்ற கதை பால்கன் நாடுகள் வரை இருக்கிறது. அன்றைக்கு மக்கள் பயந்தது தங்களை ஆள்பவனை. இன்றைக்கு மொழி தெரியாமல் தெருவில் நடந்து வருகிற ஏழையை. இந்தப் பயம் எப்போது, யாரால் திசை மாறியது என்பதற்குத்தானே படித்தவர்கள் வேண்டும்?

கடைசியில் கொடுக்கும் நாலு பக்க ஜெராக்ஸ் அருமை. ஒவ்வொரு கதைக்கும் யார் சொல்கிறார்கள், எப்போது முதலில் அச்சேறியது, யாருக்குப் பயன் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறார்கள். அதைத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருப்போம். தேநீர் கட்டணத்தில் சேராது.

அடுத்து ராயபுரம், காசிமேடு பக்கம் ஒரு நடை யோசிக்கிறார்களாம். பதிவு செய்யும்போது எந்த வழிகாட்டி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண் தனியாக நடத்தினால் நானே காசு கட்டிப் போவேன். மாலை நேரமாக இருந்தால் இன்னும் நல்லது.