எல்இடி சுவர் வாங்கப் போகிறீர்களா? என் 6,40,000 ரூபாய் போன கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு, எங்கள் கல்யாண மண்டப வாசலுக்கு எல்இடி சுவர், அதாவது பெரிய ஸ்கிரீன், விற்ற ஆள் போனை எடுத்தார். பதினோரு நாள் கழித்து. எடுத்த எடுப்பில் சொன்னது இதுதான்: "அக்கா, நீங்க வாங்கினதே பி5 தானே, பி4ன்னு யார் சொன்னா?"

பி4, பி5 என்பது ஸ்கிரீனில் விளக்குப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்கிற கணக்கு, எண் கூடினால் நெருக்கம் குறைவு. அந்தப் பதிலைக் கேட்ட அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 6,40,000 ரூபாய். அதில் 4,00,000 என் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து எடுத்தது.

கம்பெனி பெயரைப் போடாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. ஸ்கிரீன் பெட்டிகளை வெளியிலிருந்து வரவழைத்து, கோத்து, இடத்தில் வந்து மாட்டிக் கொடுக்கும் கம்பெனி. மொத்த வியாபாரிகளைத் தேடித் தரும் ஒரு இணையதளத்தில் கிடைத்தார்கள். பெயருக்குப் பக்கத்தில் நம்பகமானவர் என்று ஓர் அடையாளம் வேறு. அது வருஷச் சந்தா கட்டுகிற எல்லோருக்கும் கிடைப்பது என்று பிறகுதான் தெரிந்தது.

பட்டுக்கோட்டை பக்கம் எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அப்பா கட்டியது, இப்போது நானும் என் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். 2018-ல் கஜா புயல் முகப்பு வளைவையும் பெயர்ப் பலகையையும் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து வாசலில் ஃப்ளெக்ஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2019-ல் சென்னையில் சாலையில் பேனர் விழுந்து ஒரு பெண் இறந்த பிறகு அதற்கும் கெடுபிடி வந்தது. ஆனாலும் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒன்று, பெண் வீட்டார் ஒன்று, மாப்பிள்ளையின் நண்பர்கள் நாலு என்று கட்டாமல் விடுவதில்லை, முடிந்ததும் அந்தக் குப்பையை அள்ளுவது நாங்கள். பக்கத்து ஊர் மண்டபத்தில் எல்இடி சுவர் வந்ததும், தேதி கேட்டு வருகிறவர்கள் "உங்ககிட்ட ஸ்கிரீன் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டு முகூர்த்தம் அங்கே போய்விட்டது. சரி, கடனை வாங்கியாவது போட்டுவிடலாம் என்று கிளம்பினோம்.

சித்திரையில் அவர்கள் ஷோரூமுக்குப் போனோம். நான் கேட்டது 16 அடி அகலம். அந்த ஆள் எங்கள் வாசல் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, 16 அடி எதுக்கு? இந்த வாசலுக்குப் 12 அடி போதும். மிச்சக் காசுல சாப்பாட்டு ஹாலுக்கு ஃபேன் போடுங்க" என்றார்.

இந்த ஒரு பேச்சில்தான் விழுந்தேன். தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்கிற மனுஷன் ஏமாற்றுவானா என்று வண்டியில் திரும்பி வரும்போது வீட்டுக்காரரிடம் நான்தான் சொன்னேன். அவர் இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்கலாம் என்றார். கேட்கவிடவில்லை நான்.

அது மட்டுமில்லை, உட்கார வைத்துப் பாடமே எடுத்தார். பி4 என்றால் ஒரு விளக்குப் புள்ளியின் நடுவிலிருந்து அடுத்த புள்ளியின் நடுவுக்கு 4 மில்லிமீட்டர். எத்தனை மில்லிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை மீட்டராவது தள்ளி நின்று பார்த்தால்தான் படம் புள்ளி புள்ளியாகத் தெரியாது. மேடைக்குப் பின்னால் என்றால் பி2.5, பி3 மாதிரி நெருக்கமாக வேண்டும், சாலை ஓரத்துக்கு அவ்வளவு வேண்டாம். உள்ளே வைப்பதற்கு 800, 1,000 நிட்ஸ் வெளிச்சம் போதும், வெயிலில் வைப்பதற்கு 5,000-க்குக் குறையக் கூடாது. மழைக்குத் தாங்குவது வேறு வகை, உள்ளே வைப்பதை வெளியே மாட்டினால் ஒரு மழையில் போய்விடும். இத்தனையும் உண்மை, பிறகு நான்கு பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு வார்த்தை பொய்யில்லை. பாடம் நடத்தியது ஒன்று, பெட்டியில் போட்டு அனுப்பியது வேறொன்று, அவ்வளவுதான்.

டெமோ என்று ஒரு இருட்டு அறைக்குக் கூட்டிப் போனார். கருப்புப் பின்னணியில் மீன் நீந்துகிறது, கிளி பறக்கிறது, தாமரை விரிகிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த மாதிரி இருட்டுப் படத்தில் எந்த மட்டமான ஸ்கிரீனும் ஜொலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? முழு வெள்ளையைப் போட்டுக் காட்டு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒரு பெட்டி 960 மில்லிமீட்டர் சதுரம். குறுக்கே நாலு, உயரத்தில் மூன்று, மொத்தம் 12 பெட்டி, ஒவ்வொன்றிலும் 18 மாட்யூல், அதாவது விளக்குப் புள்ளிகள் பதித்த சின்னப் பலகை. ஏறக்குறைய 119 சதுர அடி. சதுர அடி 5,400 என்று கணக்குப் போட்டு, சில்லறையைத் தள்ளி, வரி எல்லாம் சேர்த்து 6,40,000 ரூபாய். பி4, 5,500 நிட்ஸ், ரிஃப்ரெஷ் (படம் நொடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்பது) 3,840, இரண்டு வருஷம் வாரண்டி என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகச் சொன்னார். பில்லில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "எல்இடி டிஸ்ப்ளே, 1 செட்." ஒரே வரி. இட்லிக்கடை பில்லில்கூட நாலு இட்லி, ஒரு வடை என்று பிரித்துப் போடுகிறான்.

வைகாசி பிறந்து மூன்றாம் நாள் இரண்டு பையன்கள் வந்து மாட்டினார்கள். வேலை முடிய ராத்திரி பதினொரு மணி. போட்டதும் தெருவே வெளிச்சம். மாமியார் ஸ்கிரீனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார். பையன்கள் "சார் பேலன்ஸ் கேக்குறார்" என்றார்கள், அந்த ராத்திரியிலேயே மீதி 2,40,000-ஐ அனுப்பினேன். விடிய ஆறு மணி நேரம் பொறுத்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். எங்கள் வாசல் கிழக்கு பார்த்தது. முகூர்த்தத்துக்கு ஜனம் வருகிற ஏழு, ஏழரைக்குச் சூரியன் நேராக ஸ்கிரீன் முகத்தில் அடிக்கிறது. மறுநாள் காலை வந்து பார்க்கிறேன், மீனும் இல்லை கிளியும் இல்லை, சாம்பல் பூசிய பலகை மாதிரி நிற்கிறது. போன் போட்டால், "அக்கா, பிரைட்னஸ் ஏத்தி வைக்கிறேன், முதல்ல கொஞ்ச நாள் குறைச்சு ஓடணும்" என்றார். நம்பினேன். இன்னும் ஏற்றவில்லை, ஏற்றுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அந்த மாதமே வீடியோ எடுக்கிற தம்பி வந்து, "அக்கா, கேமராவில ஸ்கிரீன் மேல கருப்புக் கோடு ஓடுது" என்றார். ரிஃப்ரெஷ் குறைவாக இருந்தால் அப்படித்தான் வருமாம். நம் கண்ணுக்குத் தெரியாது, கல்யாண ஆல்பத்தில் தெரியும். அப்புறம் ஒரு வரவேற்பில் வெள்ளைப் புடவை கட்டிய மணப்பெண் படத்தைப் போட்டார்கள். புடவை சதுரம் சதுரமாகப் பிரிந்து நின்றது, ஒரு சதுரம் ரோஸ், ஒரு சதுரம் பச்சை வாடை. பெண்ணின் முகத்தில் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். வெவ்வேறு காலத்தில் செய்த மாட்யூல்களைக் கலந்து மாட்டினால் இப்படி வரும், உன்னுடையதில் பாதி மேடை வாடகைக்கு ஓடித் தேய்ந்த பழசு, திருகு ஓட்டையைப் பார், எத்தனை தடவை கழற்றி மாட்டியிருக்கிறான் என்று தஞ்சாவூரிலிருந்து வந்த மெக்கானிக் காட்டினார்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆவணியில் நடந்ததுதான் பொறுக்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயந்திரம், நிச்சயதார்த்தம், வரவேற்பு இரண்டும் அன்றைக்கே. இடது பக்கம் மாப்பிள்ளை பெயர், வலது பக்கம் பெண் பெயர். ஆறு மணிக்கு வலது பாதி அணைந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் படத்தை வாங்கி விளக்குகளுக்குக் கொடுக்கிற ஒரு ரிசீவிங் கார்டு உண்டு, ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததுக்குக் கேபிள் சங்கிலி மாதிரி போகும், நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் இருட்டு. அன்றைக்கு ஆறு பெட்டி இருட்டு. வாசலில் மாப்பிள்ளை பெயர் மட்டும் மின்னுகிறது, பெண் பெயர் இருந்த இடத்தில் கருப்பு. கல்யாண வீட்டு வாசலில் கருப்பு! பெண்ணின் தாய்மாமன் என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, எங்க பொண்ணு பேரை அழிச்சு வச்சிருக்கீங்க" என்று கேட்டபோது எனக்கு உடம்பே கூசிவிட்டது. முழு ஸ்கிரீனையும் அணைத்துவிட்டு, பூக்காரரிடம் சொல்லித் தெர்மாகோலில் பெயர் வெட்டி வைத்தோம். வாடகையில் 15,000 விட்டுக்கொடுத்தேன். அது இந்த 6,40,000-ல் சேராது.

அதற்கப்புறம் அந்த ஆள் சொன்ன பதில்களை வரிசையாகப் போன் பார்த்து எழுதுகிறேன். "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கார்." "உங்க ஊர் வோல்டேஜ் சரியில்ல." "இடி விழுந்திருக்கும், அதுக்கு வாரண்டி கிடையாது." "கார்டு சைனாவுல இருந்து வரணும்." "பெட்டியைக் கழட்டி லாரில போட்டு அனுப்புங்க." 20 அடி உயரத்தில் இரும்புச் சட்டத்தில் மாட்டிய பெட்டியை நான் கழற்றி அனுப்ப வேண்டுமாம்! ஆவணி போய்ப் புரட்டாசி வந்ததும், "இப்ப உங்களுக்குக் கல்யாணமே இல்லையே அக்கா, என்ன அவசரம்?" என்றார். இதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது. அதற்கு அப்புறம் நீல டிக் மட்டும் வரும், பதில் வராது. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் உடனே எடுப்பார், என் குரலைக் கேட்டதும் "மீட்டிங்ல இருக்கேன்".

தஞ்சாவூர் மெக்கானிக்கே கார்டு மாற்றித் தருகிறேன் என்றார். மாற்றினார், அப்புறமும் படம் தாறுமாறாகத்தான் வந்தது. எந்தப் புள்ளி எங்கே எப்படி எரிய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்கிற, அந்த மாட்யூலுக்கு ஏற்ற கான்ஃபிக் ஃபைல் வேண்டுமாம், மாட்டினவனிடம்தான் இருக்கும். கேட்டேன். "அது கம்பெனி ரகசியம் அக்கா."

பி5 கதை வெளியே வந்தது என் மகனால். பத்தாவது படிக்கிறான். மெக்கானிக் கழற்றி வைத்த மாட்யூல் மேல் ஸ்கேலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். "அம்மா, பி4ன்னா 10 சென்டிமீட்டருக்கு 25 புள்ளி வரணும்ல? இதுல 20 தான் இருக்கு." நான் எண்ணினேன், 20. வீட்டுக்காரர் எண்ணினார், 20. 32 சென்டிமீட்டர் மாட்யூலில் 80 இருக்க வேண்டிய இடத்தில் 64. முழுச் சுவருக்கும் பெருக்கிப் பார்த்தால் 6,91,200 புள்ளிக்குக் காசு கொடுத்து 4,42,368 வாங்கியிருக்கிறேன். நியாயமாகப் பார்த்தால் சாலையில் பஸ்ஸில் போகிறவருக்குப் பி5 தாராளமாகப் போதும், அதை முதலிலேயே சொல்லி அந்த விலைக்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். பி4 என்று சொல்லி அதற்கான காசை வாங்கிக்கொண்டாயே, அதுதானே கேள்வி?

அதைத்தான் எழுதி அனுப்பியிருந்தேன், நேற்று வந்த பதிலை மேலே சொல்லிவிட்டேன். பில்லில் பி4 என்று இல்லை. குரல் செய்தி என் பழைய போனோடு போய்விட்டது, அது என் முட்டாள்தனம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று வக்கீலிடம் போனேன். 2019 சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் கணக்கில் வர மாட்டார் என்கிறார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சுயதொழில் என்றால் விலக்கு உண்டு, மண்டபத்தில் ஆள் வைத்து வேலை வாங்குவதால் எதிர்த்தரப்பார் அதைப் பிடித்துக்கொள்வார்கள், போட்டுப் பார்க்கலாம் என்கிறார். போடத்தான் போகிறேன்.

வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். சாம்பார் அடிப்பிடித்த வாடை வருகிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பில்லில் பி எத்தனை, எத்தனை நிட்ஸ், ரிஃப்ரெஷ் எவ்வளவு, கார்டு எந்தக் கம்பெனி, நோவாஸ்டாரா கலர்லைட்டா, எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேல் வைத்து எண்ணுங்கள். முழு வெள்ளை போடச் சொல்லுங்கள், வெயிலில் போடச் சொல்லுங்கள், அப்படியே உங்கள் போன் கேமராவில் பாருங்கள். அதே லாட்டில் பத்து மாட்யூலாவது கூடுதலாக வாங்கி வையுங்கள், பிறகு அதே நிறம் கிடைக்காது. கான்ஃபிக் ஃபைலைப் பென்டிரைவில் வாங்காமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ராத்திரியில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கரண்ட் பற்றியும் கேளுங்கள், எங்களுடையது முழு வெள்ளையில் 7 கிலோவாட் பக்கம் இழுக்கிறது, "ஒரு ஏசி ஓடுற மாதிரிதான்" என்றார் அந்தப் புண்ணியவான்.

இன்னும் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன். நாளை மறுநாள் ஐப்பசி முகூர்த்தம் ஒன்று இருக்கிறது. வாசலில் ஃப்ளெக்ஸ்காரர் அளவெடுக்க வந்து நிற்கிறார். ஸ்கிரீன் மொத்தத்தையும் மூடுகிற மாதிரி ஒன்று அடிக்கச் சொல்லியிருக்கிறேன். 1,800 ரூபாய் கேட்கிறார்.