ஒருநேர உணவும் பசியும்: இரண்டு ஆண்டுகளைக் கடந்த ஓர் அனுபவம்

நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டும் உண்ணும் முறையை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் திருகோணமலையில் கடைப்பிடித்து வருகிறேன். இம்முறையால் எடை குறைவதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் இதைத் தொடங்கிக் கைவிட்டவர்கள் அனைவரும் சொன்ன காரணம் பசி ஒன்றுதான் என்பதால், பசியைக் கையாளுவது பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

வயிறு வெறுமையாக இருக்கும் நேரம் நீள நீளப் பசியும் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். உடல் அப்படி இயங்குவதில்லை. 1999 இல் கொஜிமா, கங்காவா ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்களின் குழு இரைப்பையில் கண்டறிந்த, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோன், வழமையாக உண்ணும் வேளை நெருங்கும்போது குருதியில் உயர்ந்து, உண்டபின் தாழ்கிறது. அந்த வேளையில் உண்ணாமல் விட்டாலும் சிறிது நேரத்தில் அது தானாகவே இறங்கிவிடுகிறது. அலுவலகத்தில் காலை 10 மணிக்குத் தேநீரும் மாலுபாணும் றோல்சும் வந்து சேரும்போது, தொடக்க வாரங்களில் பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் ஒரு கோப்பில் மனத்தைச் செலுத்தி அரை மணி நேரத்தைக் கடத்திவிட்டால், 11 மணிக்கு அந்தப் பசி போன இடம் தெரியாது. சில வாரங்கள் அந்த வேளைக்கு எதுவும் கிடைக்காமற் போனதும், உடல் அதை உணவு நேரமாக எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டது. ஆகவே, பசியை அடக்குவதற்கு மனவுறுதியை விடவும் உண்ணும் நேரத்தை மாற்றாமல் காப்பதே பெரிதும் உதவுகிறது என்பது என் உறுதியான கருத்து. இன்று பகல் ஒரு மணி, நாளை மாலை ஆறு மணி என்று மாற்றி மாற்றி உண்பவருக்கு இரண்டு நேரங்களிலும் பசி எடுக்கும்.

எந்த நேரத்தைத் தெரிவு செய்வது என்பதில் இரண்டு வழிகளையும் நீண்ட காலம் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டில் பகல் ஒரு மணிக்கு உண்டேன். நம் வீடுகளில் சோறும் கறியுமாக முழுச் சமையல் நடப்பது அப்போதுதான் என்பதால் அது வசதியாகவே இருந்தது. காலைப் பசி ஏறக்குறைய இல்லாமற் போய்விட்டது. இரவு எட்டு மணிப் பசி மட்டும் மாதங்கள் கடந்தும் அடங்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. உணவு நேரம், உறக்கம் ஆகியவற்றின் பாதிப்பை நீக்கிவிட்டுப் பசியை அளந்த 2013 ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு, உள்ளுடற் கடிகாரத்தின்படி பசியுணர்வு காலை 8 மணியளவில் மிகக் குறைந்தும் இரவு 8 மணியளவில் மிக உயர்ந்தும் இருப்பதைக் காட்டியது. இரவு முழுவதும் உண்ணாதிருந்தும் காலையில் பலருக்குப் பசிக்காமல் இருப்பது இதனால்தான். வீட்டில் பிட்டு அவியும் வாசனையும் அதே நேரத்தில் எழும்போது, பகலில் உண்டவருக்கு அந்த ஒரு மணி நேரம் கடினமானது. இப்போது 4.15க்கு அலுவலகம் முடிந்து வீடு வந்து, 5 மணியளவில் உண்கிறேன். எட்டு மணிப் பசி எழும் வேளையில் வயிற்றில் உணவு இருக்கிறது. படுக்கைக்குப் போவதற்கு முன் செரிப்பதற்கும் போதிய இடைவெளி கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றம் தந்த ஆறுதலை வேறு எந்த உத்தியும் எனக்குத் தரவில்லை.

அடுத்த நாள் பசியின் அளவைத் தீர்மானிப்பது முந்திய நாள் தட்டில் இருந்தது என்ன என்பதே. ஒருநேர உணவு என்பதைக் குறைந்த உணவு என்று விளங்கிக்கொள்பவர்கள் நிச்சயமாகத் துன்பப்படுவார்கள். ஒரு நாளுக்கு வேண்டிய அனைத்தும் அந்த ஒரு தட்டில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளாந்தம் 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறக்குறைய 50 கிராம். கடலை அண்டி வாழும் நமக்கு இது கடினமில்லை: சமைத்த சூரை மீன் 150 கிராமில் 35 கிராமுக்குக் குறையாத புரதம் கிடைக்கிறது, அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம், சமைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராமளவில் இருக்கிறது. சூரை விலையேறும் நாட்களில் கீரியோ சாளையோ போதும். மீன் உண்ணாத வெள்ளிக்கிழமைகளில் பருப்பையும் கடலையையும் கூட்டி, கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரையும் சேர்த்துக்கொள்கிறேன். புரதம் குறைந்து சோறு மிகுந்த தட்டு வயிற்றை நிரப்பினாலும், மறுநாள் முற்பகலிலேயே பசியை எழுப்பிவிடுகிறது.

உண்ணும் ஒழுங்கையும் கவனிக்கிறேன். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், ஏதாவதொரு மரக்கறி ஆகியவற்றை முதலில் உண்டு, அதன்பின் மீனையும் பருப்பையும், இறுதியில் தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோற்றைச் சொதியுடனும் உண்கிறேன். மரக்கறியையும் புரதத்தையும் மாச்சத்துக்கு முன்பாக உண்டால் உணவுக்குப் பிந்திய குளுக்கோசு ஏற்றம் தணிகிறது. பெரிய உணவுக்குப் பின் வரும் தூக்கக் கலக்கமும் எனக்கு இதனால் குறைந்தது. அவசரமாக உண்ணவும் கூடாது. நிறைவுணர்வு மூளையை எட்டுவதற்குச் சிறிது நேரம் எடுப்பதால், முக்கால் மணி நேரத்தையாவது இந்த உணவுக்கு ஒதுக்குகிறேன். நாள் முழுவதும் காத்திருந்து உண்ணும் உணவுக்கு அந்த மரியாதை உரியது.

வைகாசி முதல் ஆவணி வரை வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் உண்மைப் பசியை விடவும் நீரிழப்பே பசியைப் போலத் தோன்றி அலைக்கழிக்கிறது. நீண்ட நேரம் உண்ணாதிருக்கையில் இன்சுலின் தாழ்வதால் சிறுநீரகம் வழமையை விடக் கூடுதலாகச் சோடியத்தை வெளியேற்றுகிறது. அதனுடன் வெயிலின் வியர்வையும் சேரும்போது தலையிடியும் சோர்வும் வருகின்றன. அந்த மாதங்களில் முற்பகலில் ஒரு குவளை நீரில் சிறிதளவு உப்பைக் கலந்து குடிக்கிறேன். பசி என்று நான் எண்ணியிருந்ததில் பாதி அத்துடன் மறைந்துவிடுகிறது. உயர் குருதி அழுத்தம் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யலாகாது. சீனி சேர்க்காத வெறுந்தேநீர் பசியைத் தணிக்கப் பெரிதும் உதவுகிறது. அதை உணவோடு சேர்த்துக் குடிப்பதில்லை. தேயிலையின் தனின்கள் உணவிலுள்ள இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன, நமக்கோ உணவு ஒரே ஒரு வேளைதான்.

உறக்கம் குறைந்த மறுநாள் எந்த ஏற்பாடும் பலிப்பதில்லை. இளம் ஆண்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் உறங்கவிட்டு 2004 இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், அவர்களின் கிரெலின் 28 சதவீதம் உயர்ந்து, நிறைவுணர்வைத் தரும் லெப்டின் 18 சதவீதம் தாழ்ந்திருந்தது. கோவில் திருவிழாவுக்காக இரவு விழித்தால், மறுநாள் இரண்டு வேளை உண்பது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்கிறேன்.

மனிதர்களின் அன்பைக் கையாளுவது பசியைக் கையாளுவதை விடக் கடினம். காலையில் உறவினர் வீட்டுக்குப் போனால் மாமி, "பிள்ளை, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்று இடியப்பத்தை எடுத்து வைத்துவிடுவார். காரணங்களை விளக்கத் தொடங்கினால் அது மறுப்பாகவே கேட்கும். "பின்னேரம் வந்து சாப்பிடுறன் மாமி" என்று சொல்லி, சொன்னபடி போய் உண்பதே நல்லது. கந்தசஷ்டியில் ஆறு நாட்களும் ஒரு பொழுது உண்டு விரதம் காப்பவர்களும், நோன்பு மாதம் முழுவதும் பகலில் நீர்கூட அருந்தாத முஸ்லிம் நண்பர்களும் சூழ வாழும் ஊரில், உண்ணாதிருப்பதை விசித்திரமாக எவரும் பார்ப்பதில்லை. ஆயினும் அவை வழிபாட்டுக்காக, ஒரு முடிவு நாளுடன் காக்கப்படுபவை. ஆண்டு முழுவதும் தொடரும் உணவுமுறைக்கு உடல்நலக் கண்காணிப்பு வேண்டும்.

இம்முறையை எல்லோருக்கும் பரிந்துரைக்க என்னால் முடியாது. ஒரே அளவு சக்தியுள்ள உணவை ஒரு வேளையாகவும் மூன்று வேளையாகவும் உண்ணக் கொடுத்து ஒப்பிட்ட 2007 ஆம் ஆண்டின் ஆய்வில், ஒரு வேளை உண்டபோது உடற்கொழுப்பு குறைந்தது. ஆனால் பசியும் குருதி அழுத்தமும் கொலஸ்ட்ரோலும் கூடியிருந்தன. நான் மாதந்தோறும் குருதி அழுத்தத்தை அளப்பதும், இடையிடையே கொலஸ்ட்ரோலைப் பரிசோதிப்பதும் இதனால்தான். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும் கிளிக்கிளசைட் போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இவ்வளவு நீண்ட இடைவெளி குளுக்கோசை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடக்கூடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், இரைப்பைப் புண் உள்ளவர்கள், உணவோடு மனப்போராட்டம் உள்ளவர்கள் ஆகியோர் இதைத் தொடவே கூடாது.

மற்றவர்களும் சாதாரணப் பசியையும் எச்சரிக்கையையும் பிரித்தறியப் பழக வேண்டும். வயிறு இரைவதும், உணவு நினைவு வந்து போவதும் சாதாரணப் பசி, அவை கடந்துவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் நேரத்தைப் பார்க்காமல் உடனே இனிப்பாக எதையாவது உண்டு, அதன்பின் ஒரு முழு உணவையும் உண்ண வேண்டும். இதற்காகவே என் அலுவலக மேசை லாச்சியில் சில பனங்கட்டித் துண்டுகளை எப்போதும் வைத்திருக்கிறேன். பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் அவை எதற்காக இருக்கின்றன என்பதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.