தீபாவளிக்குக் கிராமம், பொங்கலுக்கு டவுன்: மூச்சிரைப்பு உள்ளவரைப் பண்டிகை நாட்களில் எங்கே வைத்துக்கொள்வது?

ஐப்பசியில் தீபாவளி தொடங்கித் தையில் காணும் பொங்கல் முடியும் வரையிலான மாதங்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆண்டிலேயே கடினமான காலம். மழை ஈரம், சளிக்காய்ச்சல், வெடிப்புகை, மார்கழிப் பனி, போகிப் புகை என ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. என் அம்மா விறகடுப்பில் 40 ஆண்டுகள் சமைத்தவர். பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவருக்கு இந்த நோய் இருப்பது உறுதியான நாள் முதல், பண்டிகை நாட்களை எங்கே கழிப்பது என்ற பேச்சு ஆண்டுதோறும் எங்கள் வீட்டில் எழுகிறது. கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு, குடவாசலுக்கு அப்பால் மாமா இருக்கும் கிராமம், நாகப்பட்டினத்தில் தங்கை வீடு என்று மூன்று இடங்கள் எங்களுக்கு உண்டு. மூன்றிலும் அம்மாவை வைத்துப் பார்த்துவிட்டோம்.

பொதுவாக நம் பக்கத்தில் தீபாவளியை டவுனில் கொண்டாடிவிட்டுப் பொங்கலுக்குக் கிராமத்துக்குப் போவார்கள். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இந்த வழக்கம் தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே என் முடிவு.

தீபாவளியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முன்வாசலில் வெடித்தால் புகை நேராகக் கூடத்துக்கு வரும், பின்பக்கச் சந்தில் வெடித்தால் கொல்லை வழியாக வரும். 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேர வரம்பு விதித்த பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்று நேரம் ஒதுக்கப்பட்டது. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்தவுடன் முதல் சரத்தைக் கொளுத்திவிடும் பழக்கம் நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்துக் குளிர்ந்த காற்று மேலெழாமல் தரையோடு தங்குவதால், புகை கலைய வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். அப்படியொரு விடியலில் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, உதட்டைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். "நெஞ்சு அடைக்குதுடி" என்ற இரண்டு சொல்லைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம் என்று காட்டியது. மருந்தை ஆவிபோல் ஆக்கித் தரும் நெபுலைசரில் மருந்து வைத்து, 108-ஐ அழைத்து, அன்று பகல் முழுவதும் மருத்துவமனையில் இருந்தோம்.

மாமா வீட்டில் நிலைமை வேறு. ஐப்பசியில் குறுவை அறுப்பு பெரும்பாலும் முடிந்து, சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். வயலில் பறப்பதற்குத் தூசியே இருக்காது. வீடுகளுக்கு நடுவே தோட்டமும் இடைவெளியும் உண்டு. பிள்ளைகள் குளத்தங்கரையில் வெடித்தால் புகை வயல் பக்கம் போய்விடுகிறது. கிராமத்துக்கென்று உள்ள ஆபத்து வீட்டுக்குள்ளேதான். அதிரசமும் முறுக்கும் விறகடுப்பில் வேகும். இரவில் ஆளுக்கொரு கொசுவர்த்தி எரியும். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நிகர் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. அத்தையிடம் மனம் விட்டுச் சொன்னோம். அடுப்பு கொல்லைக் கொட்டகைக்குப் போனது, அம்மாவின் அறையில் கொசுவலை கட்டப்பட்டது. மழை கொட்டும் இரவில் மருத்துவமனை தொலைவு என்ற பயம் மட்டும் இருக்கிறது. அதனால் முன்னதாகவே ஒரு வாடகைக் காருக்குச் சொல்லி வைத்துவிடுகிறோம்.

நாகப்பட்டினம்தான் முதலில் என்னை ஈர்த்தது. வடகிழக்குப் பருவத்தில் கடலிலிருந்து வரும் காற்றில் புகை நிற்காது என்பது உண்மை. ஆனால் அதே பருவம்தான் புயலையும் கொண்டுவருகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. நெபுலைசரையும், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டரையும் நம்பி மூச்சு விடுபவரைக் கார்த்திகை மாதத்தில் கடற்கரையில் குடிவைக்க எனக்குத் துணிவில்லை. மாசி, பங்குனியில் போய்வருவதற்கு ஏற்ற இடம் அது.

பொங்கலுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. அம்மா மிகவும் ஏங்குவது கிராமத்துப் பொங்கலுக்குத்தான். அவருக்கு அது மிகவும் ஆகாததும்கூட. தை பிறக்கும் நேரத்தில் சம்பா அறுவடை தொடங்கிவிடும். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் நெல்லின் சுனையும் பதரும் தூசியும் தெரு வரை பறக்கும், வைக்கோல் கட்டும்போது இன்னும் அதிகம். வாசலில் வைக்கும் பொங்கல் தென்னை மட்டையிலும் வறட்டியிலும் பொங்கும். போகி விடியலில் பனி இறங்கி நிற்க, அதன் கீழே பழைய பாயோடு டயரும் எரியும். டவுனிலும் போகி உண்டு. ஆனால் அங்கே எங்களிடம் சாத்தக்கூடிய ஓர் அறை இருக்கிறது. முந்தைய மாலையே அம்மாவை உள்ளறைக்கு மாற்றி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, வெயில் ஏறி ஒன்பது மணியாகும் வரை திறப்பதில்லை. பொங்கல் கேஸ் அடுப்பில் பொங்குகிறது. ஆபத்து என்றால் அரசு மருத்துவமனை பத்து நிமிடத்தில். பெரிய சிகிச்சை வேண்டுமானால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 40 கிலோமீட்டரில்.

இடையில் வரும் திருக்கார்த்திகையில் எந்த ஊர் என்பதைவிட வீட்டுக்குள் என்ன செய்கிறோம் என்பதே முக்கியம். ஆக்சிஜன் ஓடும் அறையில் அகல் விளக்கு கூடவே கூடாது. குறைந்தது 10 அடி தள்ளியிருக்க வேண்டும். நாங்கள் விளக்குகளைத் திண்ணையோடு நிறுத்திவிடுகிறோம். பதற்றத்தில் ஆக்சிஜன் அளவைக் கூட்டிவிடுவதும் தவறு. இந்த நோயில் விரல் கருவி பெரும்பாலும் 88 முதல் 92 சதவீதம் வரை காட்டினால் போதும் என்று மருத்துவர்கள் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அளவுக்கு மீறினால் உடலில் கரியமில வாயு தேங்கும்.

எந்த ஊரில் இருந்தாலும் மருந்து விஷயத்தில் ஒரு பிழையை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். இன்ஹேலரில் போடும் பொடி மருந்துக் கேப்சூல்களை அடுக்களை அலமாரியில் வைத்திருந்தோம். ஐப்பசி அடைமழையில் அவை நமத்து, பொடி உள்ளேயே கட்டிபிடித்து ஒட்டிக்கொண்டது. அம்மா நாள்தோறும் உறிஞ்சியும் மருந்து சரியாக இறங்கவில்லை. இப்போது அவை மூடி இறுகிய டப்பாவில் படுக்கையறையில் இருக்கின்றன. மூச்சு வாங்கும் நேரத்தில் பொடியை வேகமாக உறிஞ்சும் வலு அவருக்கு இருப்பதில்லை என்பதால், அவசரத்துக்கு ஸ்பேசர் என்ற குழாய்க்கூடு மாட்டிய பம்பு இன்ஹேலரை மருத்துவர் தந்திருக்கிறார். ஃபுளூ தடுப்பூசியை மழை பிடிப்பதற்கு முன்பே, புரட்டாசியில் போட்டுவிடுகிறோம். பண்டிகை அன்று மருந்துக்கடைகள் அடைத்திருக்கும் என்பதால் பத்து நாள் மருந்து கூடுதலாக வாங்கி வைக்கிறோம்.

இந்த ஆண்டும் தீபாவளிக்கு மாமா வீடு, பொங்கலுக்குக் கும்பகோணம் என்று முடிவாகியிருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்குக் கொட்டிலைப் பார்க்க முடியாதே என்று அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். காணும் பொங்கலன்று பதினொரு மணிக்குமேல், பனி விலகிய பிறகு காரில் அழைத்துப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று சொன்னபோதுதான் சமாதானமானார். அன்று பக்கத்து வயலில் இயந்திரம் இறங்காமல் பார்த்துக்கொள்வதாக மாமா சொல்லியிருக்கிறார்.