ஆலப்புழா போட் ஹவுஸ்: வாட்ஸ்அப்பில் ஒரு படகு, படித்துறையில் வேறு படகு

"நெல் சுமந்த பழைய கெட்டுவள்ளம், புதுப்பிச்சது சார். ரெண்டு பெட்ரூம், ஃபுல் ஏசி, 21 மணி நேரம்." இப்படிச் சொல்லி, போட்டோ அனுப்பி, எங்களிடம் முழுப் பணத்தையும் ஜிபேயில் வாங்கிக்கொண்டார் ஒரு ஏஜென்ட். படகு ஏறும் இடமான புன்னமடை ஃபினிஷிங் பாயின்ட்டில் வந்து நின்றதோ வேறு படகு. கேட்டால், "அது ரிப்பேர், இது அதைவிடப் பெரிசு." உச்சி வெயிலில் பெட்டியும் குழந்தைகளுமாக நிற்கிறவர்கள் சண்டை போடாமல் ஏறிவிடுவார்கள் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

படகின் பெயரை நம்பாதீர்கள், பதிவு எண்ணைக் கேளுங்கள். ஹவுஸ்போட் பக்கவாட்டில் கேஐவி, ஏஎல்பி, எச்பி என்ற எழுத்துகளோடு எழுதியிருக்கும். அந்த எண் தெரிகிற மாதிரி அன்றைக்கே எடுத்த வீடியோ வேண்டும். 'இந்த எண் படகு வராவிட்டால் முழுப் பணமும் திரும்ப' என்று அவரே வாட்ஸ்அப்பில் எழுதிய பிறகு கால் பங்கு அட்வான்ஸ் போதும். மீதியை ரூமைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

'பழைய கெட்டுவள்ளம்' என்பதற்குத் தனி விலை வைக்கிறார்கள், அதனால் இதையும் சரிபாருங்கள். அசல் வள்ளத்தில் ஆணி கிடையாது. அயினி மரப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, இடுக்கில் நாரைத் திணித்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசியிருப்பார்கள். உள்ளே தரைப்பலகை ஒன்றைத் தூக்கச் சொன்னால் தையல் முடிச்சுகள் வரிசையாகத் தெரியும். இரும்பு, ஃபைபர் உடம்புக்கு மேல் மூங்கில் பாய் போர்த்திய படகுகளும் இதே பெயரில் ஓடுகின்றன. சொகுசாக இருக்கலாம், ஆனால் பழமைக்குக் கூடுதல் காசு எதற்கு?

பலகையைத் தூக்கும்போதே அடியில் உள்ள தண்ணீரையும் பாருங்கள். மரப்படகில் கொஞ்சம் கசிவது சகஜம்தான், பம்ப் அவ்வப்போது ஓடி இறைத்துவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஏறாதீர்கள்.

மாடி வைத்த படகென்றால் இன்னும் கவனம். நெல் மூட்டை அடியில் கிடந்தவரை பாரம் கீழே இருந்தது. மாடி கட்டி ஆட்களை மேலே ஏற்றினால் பாரமும் மேலே போகிறது. எல்லாரும் செல்ஃபிக்கு ஒரே பக்கம் ஓடினால் படகு சாயும். 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில் கவிழ்ந்து 22 பேர் இறந்த படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். சர்வே சான்றிதழில் எத்தனை பேருக்கு அனுமதி, லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒன்று உண்டா என்று எண்ணிப் பாருங்கள். குழந்தை அளவு தனியாகக் கேளுங்கள்.

அந்த 21 மணி நேரக் கணக்கு? பகல் 12 மணிக்கு ஏறி மறுநாள் காலை 9 மணிக்கு இறங்குவது. மீனவர்கள் வலை போடுவதால் மாலை ஐந்தரைக்குப் படகைக் கட்டிவிடுவார்கள், அது நியாயம். ஆனால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு கமிஷன் வரும் மீன் கடையில் 'இறால் வாங்குறீங்களா' என்று அரை மணி நேரம் நிறுத்தினால், அன்றைக்கு ஓடும் நேரம் நாலு மணி நேரம்தான். எத்தனை மணி நேரம் ஓடும், ராத்திரி எங்கே கட்டுவார்கள் என்று முன்பே எழுதி வாங்குங்கள். ஏசியும் அப்படித்தான். பல பேக்கேஜில் இரவு 9 முதல் காலை 6 வரைதான். பகலில் போட்டால் டீசல் காசு தனி என்பார்கள்.

ஏமாந்தால் படகின் எண், ரசீது, சாட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துவிட்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் வாங்கிய ஆளே மாயமாகிவிட்டால் உடனே 1930, அது சைபர் மோசடிப் புகார் எண். வழக்குக்காகக் கேரளாவுக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.